டேங்ளிங் மாடிஃபையர்: தமிழில் என்ன சொல்லலாம்?

அனைவருக்கும் வணக்கம்.

ஜிமேட் (மேலாண்மைப் படிப்புக்கான நுழைவுத் தேர்வு) பாணி வாக்கியத் திருத்தக் கேள்விகளுக்குத் தமிழில் ஒரு பயிற்சிக் குறிப்பு தயாராகிறது. எழுவாய்–பயனிலை இயைபு, காலம், ஒப்பீடு இவற்றுக்கெல்லாம் சொல் இருக்கிறது. 'டேங்ளிங் மாடிஃபையர்' (தான் சிறப்பிக்க வேண்டிய பெயரோடு சேராமல் நிற்கும் தொடர்) மட்டும் இடிக்கிறது. இப்போதைக்கு 'தொங்கும் அடை' என்று போட்டிருக்கிறோம். பிழை எது என்று தெரிய ஒரு மாதிரிக் கேள்வி. காற்புள்ளிக்குப் பின்னால் உள்ளது முழுவதும் அடிக்கோடிட்ட பகுதி; அதை மட்டுமே மாற்றலாம்.

"பார்ன் இன் ஈரோடு, ராமானுஜன்ஸ் தியரம்ஸ் அமேஸ்டு ஹார்டி."

(அ) மாற்றம் தேவையில்லை
(ஆ) த தியரம்ஸ் ஆஃப் ராமானுஜன் அமேஸ்டு ஹார்டி
(இ) ஹார்டி வாஸ் அமேஸ்டு பை ராமானுஜன்ஸ் தியரம்ஸ்
(ஈ) ராமானுஜன் அமேஸ்டு ஹார்டி வித் ஹிஸ் தியரம்ஸ்
(உ) ராமானுஜன், ஹூஸ் தியரம்ஸ் அமேஸ்டு ஹார்டி

விடை ஈ. தொடக்கத் தொடர் அடிக்கோட்டுக்கு வெளியே இருப்பதால் அதில் கைவைக்க முடியாது. ஆகவே காற்புள்ளியை அடுத்து ஈரோட்டில் பிறந்தவரே வந்தாக வேண்டும். அ, ஆ இரண்டிலும் தேற்றங்கள் ஈரோட்டில் பிறக்கின்றன. இ-யில் ஆங்கிலேயக் கணித அறிஞர் ஹார்டி பிறக்கிறார். அவர் பிறந்ததோ இங்கிலாந்தின் சர்ரேயில். உ-வில்தான் பலர் சறுக்குவார்கள். அங்கே அடை சரியாகப் பொருந்துகிறது, ஆனால் 'அமேஸ்டு' என்ற வினை 'ஹூஸ்' தொடருக்குள் போய்விட்டதால் வாக்கியத்துக்கு முற்றுவினையே இல்லை. அடையைச் சரிபார்த்த கையோடு முற்றுவினையையும் தேடச் சொல்லுங்கள்.

---

> இப்போதைக்கு 'தொங்கும் அடை' என்று போட்டிருக்கிறோம்

ஐயா, இது வேண்டாம். தமிழில் ஒன்று தொங்குகிறது என்றால் அது எதையோ பற்றிக்கொண்டிருக்கிறது என்று பொருள். இங்கே சிக்கலே பற்றிக்கொள்ள எதுவும் இல்லை என்பதுதான்.

நம் இலக்கணத்தில் இதற்கு நெருங்கிய விதி உண்டு. செய்து என்னும் வாய்பாட்டு வினையெச்சம் தன் வினைமுதலின் வினையையே கொண்டு முடிய வேண்டும் என்கிறது நன்னூல். 'வினைமுதல் பிறழ்ந்த எச்சம்' என்று வைக்கலாமே.

நம் மாணவர்கள் அ-வைத் தேர்ந்தெடுப்பதன் காரணமும் இதில் இருக்கிறது. 'பார்ன் இன் ஈரோடு' என்பதை மனத்துக்குள் பெயரெச்சமாக மாற்றிக்கொள்கிறார்கள். 'ஈரோட்டில் பிறந்த ராமானுஜனின் தேற்றங்கள் ஹார்டியை வியக்கவைத்தன' என்பதில் ஒரு குறையும் இல்லை. 'பிறந்த' என்பது பக்கத்திலிருக்கும் ராமானுஜனைப் பிடித்துக்கொள்கிறது. ஆங்கிலத்தில் முன்னால் வரும் தொடர் எழுவாயைத்தான் பிடிக்கும். அதையே வினையெச்சமாக்கி, 'ஈரோட்டில் பிறந்து, ராமானுஜனின் தேற்றங்கள் ஹார்டியை வியக்கவைத்தன' என்று சொல்லிப் பார்த்தால் காது உடனே உறுத்தும். குறிப்பில் இந்தச் சோதனையைக் கட்டாயம் சேருங்கள்.

---

சோதனை அருமை. அதை முழுக்க நம்பிவிடவும் கூடாது. 'மழை பெய்து நெல் விளைந்தது' என்பதில் வினைமுதல் வேறு வேறு, இருந்தும் வாக்கியம் சரி. 'கால் ஒடிந்து வீழ்ந்தான்' என்பதும் அப்படியே, சினைவினை (உறுப்பின் வினை) முதலோடு, அதாவது அந்த உறுப்பை உடையவரின் வினையோடு, முடியலாம். தமிழ்க் காது விட்டுக்கொடுக்கும் இந்த இடங்களில் ஆங்கிலம் விட்டுக்கொடுக்காது.

'எச்சம்' என்ற சொல்லும் போதாது. 'அன்லைக் த டைகர், த லயன்ஸ் மேன்...' என்று தொடங்கும் வாக்கியத்தில் எச்சம் எங்கே? புலியைப் பிடரிமயிரோடு ஒப்பிடுவதுதான் அங்கே பிழை. 'எ கிஃப்டட் சிங்கர், ஹர் வாய்ஸ்...' என்பதில் வெறும் பெயர்த்தொடர்தான் இருக்கிறது. ஆகவே 'அடைத்தொடர்' என்பதே பொருத்தம்.

இரண்டு பிழைகளைப் பிரித்துப் பெயரிட வேண்டும் என்பது என் கருத்து. அடைத்தொடரை நகர்த்தினால் மட்டுமே வாக்கியம் சரியாகிவிட்டால் அது 'இடம் பெயர்ந்த அடைத்தொடர்'. எங்கே நகர்த்தினாலும் ஒட்டாவிட்டால் 'ஒட்டா அடைத்தொடர்'. முதல் மடலின் கேள்வியிலேயே இரண்டும் இருக்கின்றன. ஆ-வில் 'ராமானுஜன்' என்ற சொல்லுக்குப் பின்னால் தொடரைக் கொண்டுபோனால் சரியாகிவிடும், ஆகவே அது இடம் பெயர்ந்தது. அ-வில் அவர் பெயர் 'ராமானுஜன்ஸ்' என்று உடைமையாகிவிட்டது. எங்கே வைத்தாலும் தொடர் தேற்றங்களைத்தான் பிடிக்கும். அது ஒட்டாதது.

'ஒட்டா அடை' என்று சுருக்க வேண்டாம். யாராவது புணர்த்தி எழுதினால் 'ஒட்டாவடை' ஆகி, வாசிப்பவர் தடுமாறுவார்.

---

ஒரு ஐயம். 2023 நவம்பரில் வந்த ஜிமேட் ஃபோகஸ் பதிப்பில் வாக்கியத் திருத்தமே இல்லை. 65 நிமிடத்தில் 36 வினாக்கள் என்றிருந்த மொழிப்பகுதி, இப்போது 45 நிமிடத்தில் 23. வாசிப்பும் தருக்கமும் மட்டும். இவ்வளவு உழைப்பு தேவையா?

---

தேவைதான். அமெரிக்கக் கல்லூரிச் சேர்க்கைக்கான டிஜிட்டல் சாட் தேர்வின் ஆங்கில மரபுப் பகுதியில் இதே பிழை கேட்கப்படுகிறது. மத்திய அரசுப் பணிக்கான எஸ்எஸ்சி தேர்வுகளில் வாக்கிய மேம்பாட்டு வினாக்கள் இருக்கின்றன. மாணவர் மேற்படிப்புக்கு எழுதும் நோக்கக் கட்டுரையிலும் இந்தப் பிழை வரும், அங்கே தேர்ந்தெடுக்க ஐந்து விடைகள் கிடையாது.

'ஒட்டா அடைத்தொடர்' என்பதை ஏற்கிறேன். விளக்கத்தில் ஒரு விலக்கு சேர்க்க வேண்டும். 'த ரெயின் ஹேவிங் ஸ்டாப்டு, வீ லெஃப்ட்' என்பதில் தொடருக்குள்ளேயே 'ரெயின்' என்ற எழுவாய் இருக்கிறது. அது எதையும் பிடிக்கத் தேவையில்லை, பிழையும் இல்லை. இதைச் சொல்லாவிட்டால் புதிதாக விதி கற்றவர் சரியான விடையை அடித்துவிடுவார்.

சொல்லடைவுக்கான வரைவு:

ஒட்டா அடைத்தொடர்: தனக்கென எழுவாய் இல்லாமல், தான் சிறப்பிக்க வேண்டிய பெயரும் வாக்கியத்தில் பெயராக நிற்காததால், தொடர்பற்ற வேறொரு பெயரைச் சேரும் அடைத்தொடர். திருத்தும் வழி இரண்டு: அந்தப் பெயரை முதன்மை வாக்கியத்தின் எழுவாயாக்குவது; அல்லது அடைத்தொடரை 'வென்', 'பிகாஸ்' போன்ற சொல்லுடன் சொந்த எழுவாயும் வினையும் உள்ள துணை வாக்கியமாக விரிப்பது. தொடர் அடிக்கோட்டுக்கு வெளியே இருந்தால் முதல் வழி மட்டுமே.

மறுப்பு இருந்தால் எழுதுங்கள். இல்லையென்றால் இதையே குறிப்பில் ஏற்றிவிடலாம்.