மறு: ஆட்டத்தில் ‘ரேஸ்’ – சிற்றினமா, ஆடினமா, கிளைக்குடியா?

> பாத்திரமேற்று ஆடும் கற்பனை ஆட்டங்களில் வரும் எல்ஃப், குள்ளர், ஓர்க் போன்ற மனிதரல்லாத மாந்தர்க்குப் பரிணாமத் தோற்றம் எழுதும்போது, ‘ரேஸ்’ என்பதற்கு ‘இனம்’ என்றே போட்டால் என்ன?

மொழியினமும் இனம், மாட்டினமும் இனம். அதனால் சொல் எதையும் சுட்டாமல் நழுவுகிறது. இவ்வகை ஆட்டங்களில் ஒன்றான டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் 2024 விதிநூலில் ‘ரேஸ்’ என்பதை ‘ஸ்பீசிஸ்’ என்று மாற்றிக்கொண்டது. அதன்படி நாம் ‘சிற்றினம்’ எனலாம். ஆனால் தம்முள் கூடி, வளமுள்ள சந்ததியை ஈன்றால் ஒரே சிற்றினம் என்பது பாடநூல் வரையறை. எல்ஃபுக்கும் மனிதருக்கும் பிறந்த அரை எல்ஃபுக்குப் பிள்ளை பிறந்தால் எல்ஃபும் மனிதரும் ஒன்றாகிவிடுவார்கள். பிறக்காவிட்டால் அரை எல்ஃப், குதிரையும் கழுதையும் கூடிப் பிறந்து பெரும்பாலும் மலடாகவே இருக்கும் கோவேறு கழுதை கணக்குதான்: குதிரைக்கு 64 குரோமோசோம், கழுதைக்கு 62, கோவேறு கழுதைக்கு 63.

‘ஆடினம்’ எப்படி? ஆடு + இனம், வினைத்தொகை.

---

> ‘ஆடினம்’ எப்படி?

இலக்கணம் சரி, காதுதான் ஒப்பவில்லை. பழந்தமிழில் ‘ஆடினம்’ என்றால் ‘ஆடினோம்’. ஒரு ‘ட்’ கூடிவிட்டாலோ ஆட்டினம். ஆட்டக்காரர் தம் பாத்திரத்தின் விவரம் எழுதும் தாளில் வெள்ளாடும் செம்மறியும் வந்து நிற்கும்.

‘கிளைக்குடி’ என்று வைக்கலாம். கிளை என்பது மரக்கொப்பு, சுற்றமும்கூட. உடலால் பிரிந்தது கிளையில் அடங்கும். மொழி, வழக்கம், தொழில் குடியில் அடங்கும். கலப்பு உண்டா இல்லையா என்று சொல் முன்கூட்டியே தீர்ப்புச் சொல்லாது. அழிந்துபோன பழைய மனித வகையான நியாண்டர்தால்கள் தனிக்கிளைதான், ஆனாலும் ஆப்பிரிக்காவுக்கு வெளியே வாழ்வோரின் மரபணுத்தொகுதியில் ஏறத்தாழ 2 விழுக்காடு அவர்களுடையது.

ஒவ்வொரு கிளைக்குடிக்கும் நான்கு விவரம் போதும்: பிரிந்த காலம், பிரித்துவைத்த தடை, தலைமுறை நீளம், மாறிய உறுப்பு. மூன்றாவதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். எல்ஃப் 100 வயதில் பிள்ளை பெறுவதாக வைத்தால், பிரிந்து 10,000 ஆண்டு என்பது வெறும் 100 தலைமுறை. 25 ஆண்டுத் தலைமுறை உள்ள மனிதருக்கு அதே காலத்தில் 400. எல்ஃபுக்குக் காதும் ஆயுளும் நீள வேண்டுமானால் பிரிந்த காலத்தைப் பல லட்சம் ஆண்டு பின்னே தள்ளுங்கள்.

---

> பல்லிமாந்தரும் கிளைக்குடியா?

ஆம், கொப்பு பிரிந்த இடம்தான் மிகக் கீழே. ஊர்வன வழியும் பாலூட்டி வழியும் பிரிந்து 30 கோடி ஆண்டுக்கு மேல் ஆகிறது. அங்கே கலப்புக் கிளைக்குடி என்ற பேச்சே எழாது.

கூடவே இன்னொரு சொல்: தீவில் அடைபட்ட பெரிய விலங்கு தலைமுறை தலைமுறையாகச் சிறுப்பதற்குத் ‘தீவுக்குறுமை’. ஆட்டத்தில் வரும் குட்டை மாந்தரான ஹாஃப்லிங்குக்குக் கச்சிதமாகப் பொருந்தும். இந்தோனேசியாவின் ஃபுளோரெஸ் தீவில், லியாங் புவா குகையில் 2003இல் கிடைத்த, அழிந்துபோன ஒரு மனித வகையின் எலும்புக்கூட்டுக்கு உரியவரின் உயரம் ஏறத்தாழ 1.1 மீட்டர்தான்.

இருட்டிலும் பார்க்கும் திறனாக ஆட்டத்தில் குள்ளருக்குத் தரப்படும் ‘இருட்பார்வை’யை மட்டும் குகையின் கணக்கில் எழுதாதீர்கள். ஒளியே இல்லாத இடத்தில் கண் கூர்மையாகாது. குகைமீன்களைப் போல மங்கி மறையும். மங்கிய ஒளியுள்ள அடர்காட்டில் இரவில் திரிந்தவர்கள் பிறகு சுரங்கத்துக்குள் போனதாக வையுங்கள். தேவாங்கின் கண்ணில் உள்ள மினுங்கும் படலம் குரங்கு, மனிதர் வழியில் இல்லை. ஆகவே மனிதக் கிளையில் வந்த குள்ளருக்குக் கண் மினுங்காது, இரவில் திரியும் சிறு விலங்கான டார்சியருக்குப் போலப் பெரிதாக இருக்கும்.

---

கிளைக்குடிக்கு என் வாக்கு. ‘பரிணாமம்’ வரும் முதல் இடத்தில் ‘கூர்ப்பு’ என்றும் சேர்த்துவிடுங்கள். இலங்கைப் பாடநூல்களில் அதுதான் சொல்.