சவுத்தாம்ப்டன் சென்ட்ரலில் இறங்கிக் கப்பலுக்குப் போவது எப்படி?

திருச்சிக்காரன்_ஈஸ்ட்ஹாம்:

எல்லோருக்கும் வணக்கம். ஆகஸ்ட் கடைசி சனிக்கிழமை அயோனா கப்பலில் நார்வே போகிறோம். நான், மனைவி, ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா, அம்மா. ஆளுக்கொரு பெரிய பெட்டி, அது போக அம்மாவின் கட்டைப்பை ஒன்று. அதற்குள் என்ன இருக்கிறது என்று கேட்கும் தைரியம் வீட்டில் யாருக்கும் இல்லை. அப்பாவுக்கு முழங்கால் வலி, மெதுவாகத்தான் நடப்பார். எங்களிடம் கார் கிடையாது.

லண்டன் ஈஸ்ட்ஹாமிலிருந்து வெஸ்ட்ஹாம், அங்கே ஜூபிலி லைன் பிடித்து வாட்டர்லூ, அங்கிருந்து சவுத்தாம்ப்டன் சென்ட்ரல். இதுவரை தெளிவு. ஸ்டேஷனில் இறங்கிய பிறகுதான் குழப்பம். ஆபீசில் ஒருவர் "பத்து நிமிஷம் நடந்தால் துறைமுகம்" என்கிறார். இன்னொருவர் நாற்பது நிமிடம் ஆகும் என்கிறார். மேப்பில் துறைமுகம் என்று போட்டால் ஐந்து இடம் காட்டுகிறது. பஸ் உண்டா, நடக்கலாமா, டாக்சிதானா? டிக்கெட்டில் மதியம் ஒன்றரைக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

குரோய்டன்_குமார்:

நடந்தே போகலாம் பாஸ். போன வருஷம் நாங்கள் நடந்தோம். ஸ்டேஷனிலிருந்து வெளியே வந்து ரோட்டைத் தாண்டி நேராகப் போனால் டாக் கேட் 10. அதற்குள் போனதும் கப்பல் தெரிந்துவிட்டது. டாக்சிக்குக் கொடுக்கிற காசுக்குக் கப்பலில் ஒரு காபி குடிக்கலாம்.

சோலண்ட்_கரை:

குமார் தம்பி சொல்வது அவருக்குச் சரி. அவர் போனது ஹொரைசன் டெர்மினல் என்று நினைக்கிறேன், அது கேட் 10-க்குள் இருக்கிறது. அயோனா வழக்கமாக நிற்பது ஓஷன் டெர்மினலில். அது ஊரின் மற்றப் பக்கம், டாக் கேட் 4. அவரை நம்பி நீங்கள் கேட் 10-க்குப் பெட்டியை இழுத்துக்கொண்டு போனால், அங்கே நிற்கிற காவலாளி நல்ல மரியாதையாகத் திருப்பி அனுப்புவார்.

நான் இந்த ஊரில் டாக்சி ஓட்டுகிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். சனிக்கிழமை என்றால் எங்களுக்கு இதுதான் வேலை. காரில் ஏறுகிற சனத்தில் கனபேர் "கப்பலுக்கு" என்று மட்டும் சொல்வார்கள். எந்தக் கப்பல் என்று கேட்டால் பெயர் தெரியும், டெர்மினல் தெரியாது. ஒரே நாளில் நாலைந்து கப்பல் நிற்கிற ஊர் இது.

ஐந்து டெர்மினல்களை இப்படி நினைவில் வையுங்கோ. மேற்கு டாக்கில் மூன்று: சிட்டி டெர்மினல், ஹொரைசன், மேஃபிளவர். சிட்டிக்குக் கேட் 8, மற்ற இரண்டுக்கும் கேட் 10. கிழக்கு டாக்கில் இரண்டு: ஓஷன் டெர்மினல், குயின் எலிசபெத் இரண்டு. இரண்டுக்கும் கேட் 4. ஸ்டேஷனுக்குக் கிட்ட இருப்பது மேற்கு டாக். அதுவும் காரணத்தோடுதான். 1930 வாக்கில் கடலை மண் போட்டு நிரப்பித்தான் மேற்கு டாக்கைக் கட்டினார்கள். அதற்கு முன் ஸ்டேஷனுக்குப் பக்கத்திலேயே கடல்தண்ணீர் நின்றது. பழைய துறைமுகம் கிழக்குப் பக்கம்தான். டைட்டானிக் 1912 ஏப்ரல் 10-ஆம் தேதி புறப்பட்டதும் அங்கிருந்துதான், இப்போது உங்கள் கப்பல் நிற்கிற அதே ஓஷன் டாக். (அம்மாவிடம் இதைச் சொல்ல வேண்டாம்.)

ஒரு காலத்தில் இந்தக் கேள்வியே எழாது. வாட்டர்லூவில் ஏறினால் ரயில் கப்பலின் பக்கத்திலேயே கொண்டுபோய் விடும். 1950-இல் திறந்த பழைய ஓஷன் டெர்மினலில் கீழ்த்தளத்தில் ரயில் நிற்கும், மேல்மாடிக்கு ஏறிக் கப்பலுக்குள் போகலாம். விமானம் வந்து கப்பல் பயணம் படுத்த பிறகு 1983-இல் அதை இடித்துவிட்டார்கள். கிழக்கு டாக்குக்குப் பக்கத்தில் இருந்த டெர்மினஸ் ஸ்டேஷனும் 1966-இல் மூடியாயிற்று. அந்தக் கட்டிடம் இன்னும் நிற்கிறது, கேட் 4-க்குப் போகும்போது பார்க்கலாம். அதனால்தான் இன்றைக்குச் சென்ட்ரலில் இறங்கி நான்கு பெட்டியோடு முழிக்க வேண்டியிருக்கிறது.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருவோம். சென்ட்ரலிலிருந்து ஓஷன் டெர்மினல் ஒன்றரை மைல் சொச்சம். இளசுகள் முதுகுப்பையோடு நடக்கலாம், பாதை முழுக்கச் சமதரைதான். ஆனால் முழங்கால் வலிக்காரரை நடக்க வைக்காதீங்கோ. மேப் காட்டுகிற நேரம் பெட்டி இல்லாதவனின் நேரம். ரோடு கடக்கிற இடங்களில் நின்று நின்று, நடைபாதைக் கல்லில் பெட்டிச் சக்கரம் சிக்கிச் சிக்கிப் போய்ச் சேர்ந்தால், அப்பா கப்பலில் முதல் நாள் முழுக்கக் காலை நீட்டிக்கொண்டு படுத்திருப்பார்.

பஸ் இருக்கிறது. குவேகனெக்ட் என்று பெயர், ஸ்டேஷனின் தெற்குப் பக்கத்திலிருந்து டவுன் கீ என்ற படகுத்துறை வரை போகும். அது ஐல் ஆஃப் வைட் தீவுக்குப் போகிற படகுக்காரருக்காக ஓடுவது, கப்பல் டெர்மினல் வாசலுக்குப் போகாது. டவுன் கீயில் இறங்கி மறுபடி நடக்க வேண்டும். கைப்பை மட்டும் என்றால் நான் அதையே சொல்லியிருப்பேன்.

எனவே டாக்சிதான். டாக்சிக்காரன் வேறு என்ன சொல்வான் என்று சிரிக்கிறீர்கள், சிரியுங்கோ. மீட்டரில் பத்துப் பவுண்டைச் சுற்றித்தான் வரும், நான்கு பேருக்குப் பிரித்தால் ஒன்றுமில்லை. முன்பதிவு தேவையில்லை. ஸ்டேஷனின் இரண்டு பக்கமும் டாக்சி நிற்கும். துறைமுகம் இருப்பது தெற்குப் பக்கம், அதனால் தெற்கு வாசலால் வெளியே வாருங்கோ. நான்காம் பிளாட்பாரத்தில் இறங்கினால் அந்த வாசல் நேராகவே வரும். வேறு பிளாட்பாரம் என்றால் மேம்பாலத்துக்கு லிப்ட் இருக்கிறது, அப்பாவைப் படி ஏற்ற வேண்டாம். நான்கு பேர், நான்கு பெரிய பெட்டி, ஒரு மர்மப் பை. சாதாரணக் காருக்குள் அடங்காது. வரிசையில் நிற்கும்போதே பெரிய வண்டி வேண்டும் என்று சொல்லுங்கோ, பின்னால் நிற்கிற வேனை முன்னுக்குக் கூப்பிடுவார்கள். ஏறியதும் சொல்ல வேண்டியது: "ஓஷன் டெர்மினல், கேட் 4, அயோனா."

டெர்மினல் கடைசி நேரத்தில் மாறுவதும் உண்டு. முதல் நாள் இரவு டிக்கெட்டையும் துறைமுகத்தின் இணையதளத்தில் இருக்கும் கப்பல் அட்டவணையையும் ஒருமுறை வடிவாகப் பாருங்கோ.

திருச்சிக்காரன்_ஈஸ்ட்ஹாம்:

அண்ணா, ரொம்ப நன்றி. ஆபீசில் ஒருவர் பத்து என்றும் மற்றவர் நாற்பது என்றும் ஏன் சொன்னார்கள் என்று இப்போதுதான் புரிகிறது. இருவரும் வேறு வேறு டெர்மினலுக்குப் போனவர்கள். அப்பாவிடம் டைட்டானிக் கதையைச் சொல்லிவிட்டேன், அவர் அம்மாவிடம் சொல்லிவிட்டார்.

இன்னும் இரண்டு சந்தேகம். சவுத்தாம்ப்டன் ஏர்போர்ட் பார்க்வே என்று ஒரு ஸ்டேஷன் முன்னால் வருகிறதே, அங்கே இறங்கினால் கிட்டவா? ரயில் எத்தனை மணிக்குப் பிடிப்பது?

குரோய்டன்_குமார்:

ஹொரைசன்தான் அண்ணா, சரியாகப் பிடித்தீர்கள். திருச்சிக்காரரே, டாக்சியிலேயே போங்கள்.

ஹாரோ_அகிலா:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். பெற்றோர் இந்தியப் பாஸ்போர்ட்டில் வந்திருந்தால் நார்வேக்கு ஷெங்கன் விசா வேண்டும். கப்பலிலேயே இருந்துகொள்கிறோம் என்று சொன்னாலும் ஏறும் இடத்தில் தடுத்துவிடுவார்கள். திரும்பி வரும் நாளிலும் செல்லுபடியாகிற, பலமுறை நுழையக்கூடிய பிரிட்டன் விசா இருக்கிறதா என்பதையும் பாருங்கள். எங்கள் சொந்தக்காரர் ஒருவர் டெர்மினல் வாசல் வரை வந்து திரும்பிப் போனார்.

திருச்சிக்காரன்_ஈஸ்ட்ஹாம்:

அகிலா அக்கா, இரண்டும் கையில் இருக்கிறது. அந்த விசாவுக்கு அலைந்த கதையைத் தனி இழையில்தான் எழுத வேண்டும்.

சோலண்ட்_கரை:

பார்க்வேயில் இறங்க வேண்டாம். அது விமான நிலையத்துக்கான ஸ்டேஷன், ஊருக்கு வெளியே. லண்டனிலிருந்து வரும்போது சென்ட்ரலுக்கு முன்னால் வரும். பெயரில் சவுத்தாம்ப்டன் என்று கேட்டதும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு குதிக்கிறவர்கள் வாரா வாரம் இருக்கிறார்கள். அங்கிருந்து டாக்சிக்கு இரட்டிப்புக்கு மேல் காசு. உட்கார்ந்திருங்கோ, அடுத்த சில நிமிடத்தில் சென்ட்ரல்.

நேரம்: வாட்டர்லூவிலிருந்து வேகமான ரயில் ஒன்றேகால் மணி நேரம் சொச்சம். ஒன்றரைக்கு அங்கே நிற்க வேண்டுமென்றால் நான் பத்தரை மணி ரயிலைத்தான் சொல்வேன். ஒன்று தவறினாலும் பின்னால் இன்னொன்று இருக்கும். நேரத்தோடு வந்துவிட்டால் ஸ்டேஷனிலேயே ஒரு தேநீர் குடித்துவிட்டு வாருங்கோ.

ஆனால் நீங்கள் சொன்ன தேதிதான் எனக்கு இடிக்கிறது. ஆகஸ்ட் கடைசி சனி என்றால் அது பெரும்பாலும் பேங்க் ஹாலிடே வார இறுதி, திங்களும் பொது விடுமுறை. தண்டவாள வேலையை அப்படிப்பட்ட நாட்களில்தான் வைப்பார்கள். வழியில் பாதித் தூரம் ரயிலுக்குப் பதிலாகப் பஸ் விட்டால், நான்கு பெட்டியை ஏற்றி இறக்கி ஒன்றரை மணிக்கு வந்து சேர முடியாது. நேஷனல் ரெயில் தளத்தில் அந்தத் தேதியை இப்போதே போட்டுப் பாருங்கோ, போகிற கிழமையில் மறுபடியும் பாருங்கோ. வேலை இருக்கிறது என்று தெரிந்தால் லண்டன் விக்டோரியாவிலிருந்து நேஷனல் எக்ஸ்பிரஸ் கோச், அதாவது தொலைதூரப் பஸ். பெட்டியை அடியில் போட்டுவிட்டுத் தூங்கிக்கொண்டு வரலாம். கோச் நிற்கிற ஹார்பர் பரேடும் சென்ட்ரலுக்குக் கிட்டத்தான். அதுவும் மனதுக்குச் சரிவரவில்லை என்றால் வெள்ளி இரவே வந்து இங்கே ஒரு ஓட்டலில் தங்குங்கோ. கால் வலிக்கிற மனிதரோடு போகிறவருக்கு அதுதான் நல்லது என்பது என் எண்ணம், செலவு உங்கள் இஷ்டம்.

அன்றைக்கு உள்ளூரில் ஃபுட்பால் மேட்ச் இருக்கிறதா என்றும் பாருங்கோ. செயின்ட் மேரிஸ் மைதானம் கிழக்கு டாக் பக்கம்தான். மேட்ச் மூன்று மணிக்கு என்றால் பன்னிரண்டு மணியிலிருந்தே ஸ்டேஷன் முழுக்கச் சிவப்பு வெள்ளைச் சட்டை, டாக்சி வரிசையும் நீளும்.

டிக்கெட் எடுக்கும்போது குரூப்சேவ் என்று ஒன்று இருக்கிறது. மூன்று முதல் ஒன்பது பேர் சேர்ந்து போனால் ஆஃப்-பீக், அதாவது கூட்டம் குறைந்த நேரக் கட்டணத்தில் மூன்றில் ஒரு பங்கு குறையும், அட்டை எதுவும் வாங்க வேண்டாம். நீங்கள் நான்கு பேர் என்பதால் பொருந்தும். அப்பாவுக்குப் பாசஞ்சர் அசிஸ்ட் முன்பதிவு செய்யுங்கோ, இலவசம். வாட்டர்லூவில் ஏற்றிவிடவும் இங்கே இறக்கிவிடவும் ஆள் வருவார். கூச்சப்பட வேண்டாம் என்று அப்பாவிடம் சொல்லுங்கோ. நம் ஊர் அப்பாமார் எல்லாருக்கும் சக்கர நாற்காலி என்றால் கௌரவக் குறைச்சல். என் காரிலிருந்து டெர்மினல் வாசல் வரை நான் நாற்காலியில் தள்ளிக்கொண்டு போன ஒருவர் வழி முழுக்க "எனக்கு நடக்க ஏலும்" என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

டெர்மினல் வாசலில் இறங்கியதும் பெட்டிகளைப் போர்ட்டர் வாங்கிக்கொள்வார். கப்பல் கம்பெனி அனுப்பிய லேபிளை வீட்டிலேயே அச்சடித்துக் கட்டிவிடுங்கோ. அந்தப் பெட்டி அறைக்கு வர மாலையாகலாம். அதனால் பாஸ்போர்ட், அப்பாவின் மாத்திரை, அம்மாவின் கட்டைப்பை மூன்றும் கையில் இருக்கட்டும்.

திருச்சிக்காரன்_ஈஸ்ட்ஹாம்:

தேதியைப் போட்டுப் பார்த்தேன், இப்போதைக்கு வேலை எதுவும் காட்டவில்லை. போவதற்கான டிக்கெட்டைக் குரூப்சேவில் எடுத்துவிட்டேன். திரும்பி வரும்போதும் இதே வழிதானே? காலை எட்டரை ரயிலுக்கு மலிவாக அட்வான்ஸ் டிக்கெட் இருக்கிறது, எடுத்துவிடவா?

சோலண்ட்_கரை:

எடுக்காதீங்கோ. அட்வான்ஸ் டிக்கெட் அந்த ஒரு ரயிலுக்கு மட்டும்தான். கப்பல் விடியவே வந்துவிடும், ஆனால் உங்கள் தளத்து ஆட்களை எப்போது இறக்குவார்கள் என்பது கப்பல்காரர் கையில். ஆயிரக்கணக்கான சனம் ஒரே காலையில் இறங்கி ஒரே டாக்சி வரிசையில் நிற்கும். வரும்போது போல ஐந்து நிமிடத்தில் வண்டி கிடைக்காது. எந்த ரயிலிலும் ஏறக்கூடிய ஆஃப்-பீக் டிக்கெட் எடுங்கோ, அதற்கும் குரூப்சேவ் உண்டு. பெட்டியை முதல் நாள் இரவு கப்பலில் ஒப்படைக்காமல் தாங்களே எடுத்துக்கொண்டு இறங்குகிறவர்கள் முதலில் வெளியே வந்துவிடுவார்கள். நீங்கள் அதைச் செய்ய வேண்டாம். அப்பாவோடு ஆறுதலாகச் சாப்பிட்டுவிட்டு ஒன்பது மணிக்கு மேல் இறங்கினால் வரிசையும் கரைந்திருக்கும். அந்த நேரத்தில் நானும் பெரும்பாலும் கேட் 4 பக்கம்தான் நிற்பேன். வெள்ளை வேன், கண்ணாடியில் சின்ன நல்லூர் முருகன் படம். கட்டைப்பையில் முறுக்கு மிச்சம் இருந்தால் மீட்டரில் கழித்துக்கொள்ளலாம்.