பிள்ளைகள் சாப்பிடும் காய், பழத்தை எப்படி அளப்பது?

மலைக்காற்று:
கோத்தகிரி பக்கம் ஒரு தொடக்கப் பள்ளி. 3 முதல் 5 வகுப்பு வரை 48 பிள்ளைகள். ஒரு நாளைக்கு எவ்வளவு காயும் பழமும் வயிற்றுக்குள் போகிறது என்று கணக்கு வேண்டும். "நேத்து காய் சாப்பிட்டியா?" என்று கேட்டால் எல்லாக் கையும் தூக்குகிறது. கைவசம் ஒரு சமையல் தராசு, இரண்டு தன்னார்வலர்கள், இரண்டு வாரம். எப்படித் தொடங்கலாம்?

தராசுமுள்:
எது காய்னு முதல்ல எழுதி வச்சுக்குங்க. நம்ம மலையில கணக்கு கவிழ்றதே இங்கதான். உலக சுகாதார நிறுவனம் 2023ல சொன்ன அளவு, காயும் பழமும் சேர்த்து, 6–9 வயசுக்கு நாளைக்குக் குறைஞ்சது 350 கிராம், 10 வயசிலிருந்து 400. அதுல உருளைக்கிழங்கு சேர்த்தி கிடையாது. கேரட், பீட்ரூட், மேரக்காய் (சௌசௌ), கோஸ் எல்லாம் சேரும். உருளையையும் சேர்த்துட்டா ஊட்டிப் பிள்ளைங்க எல்லாரும் பாஸ்!

சத்துணவுத் தட்டுக்கு, போட்டதையும் மிச்சத்தையும் நிறுத்துக் கழிக்கிறதுதான் நம்பகம். பரிமாறுறப்ப வரிசையின் முதல், நடு, கடைசின்னு மொத்தம் அஞ்சாறு தட்டுப் பொரியலை நிறுத்து சராசரி எடுங்க. சாப்பிட்டு முடிச்சதும் ஒவ்வொரு தட்டு மிச்சத்தையும் தனியா நிறுங்க. சராசரி 40 கிராம், மிச்சம் 12ன்னா உள்ளே போனது 28. சமைச்ச எடையைப் பச்சை எடையா மாத்தணும்: 3 கிலோ நறுக்கின கோஸ் வெந்து 2.5 கிலோ ஆச்சுன்னா, 28ஐ 1.2ஆல பெருக்குங்க. எண்ணெய், தேங்காய் எடை சேருறதால சின்னத் தப்பு இருக்கும். அதை விட்டுடலாம்.

தராசு 1 கிராம் காட்டணும். தினமும் காலையில ஒரு படிக்கல்லை வச்சுச் சரிபாருங்க. பேட்டரி இறங்கினா எண் ஆடும்.

மேரக்காய்:
சாம்பாரை மறந்துட்டீங்களே. காய் அடியில தங்கும், முதல் பிள்ளைக்குத் தண்ணி, கடைசிப் பிள்ளைக்குக் காய். அதனால வாளியை ஒவ்வொரு முறையும் அடிவரைக் கலக்கச் சொல்லுங்க. நறுக்கின காய் 3 கிலோ போட்டு மொத்த சாம்பார் 18 கிலோ வந்தா ஆறுல ஒரு பங்கு. 120 கிராம் கரண்டிக்கு 20 கிராம் காய். தட்டுல ஒதுக்கின காயை வடிகட்டியில போட்டு, சோத்தைப் பிரிச்சு நிறுங்க. முருங்கைச் சக்கை, கறிவேப்பிலை எல்லாம் தனி டப்பாவுக்கு. வாழைப்பழம்னா தோலை நிறுத்துக் கழிக்கணும்.

தட்டு மாத்துறது பெரிய தொல்லை. பிடிக்காத பீன்ஸ் பக்கத்துத் தட்டுக்குப் போயிடும், உங்க தாள்ல "சாப்பிட்டான்"னு விழும். ஒரு தன்னார்வலர் 12 பிள்ளைக்கு மேல கண்காணிக்க முடியாது. 48 பேரையும் ஒரே நாளில் பார்க்காம பாதிப் பாதியா எடுங்க. வேடிக்கை பார்த்தாலே சமத்தா சாப்பிடுவாங்க, முதல் ரெண்டு நாள் கணக்கைத் தள்ளிடுங்க.

தராசுமுள்:
ஆமா, தட்டு மாத்துறது சரியான பாயிண்ட். இன்னொண்ணு, தொடக்கப் பள்ளிச் சத்துணவுல காய் ஒதுக்கீடே பிள்ளைக்கு 50 கிராம்தான். முழுசும் தின்னாலும் 350ல ஏழுல ஒரு பங்கு. மீதி வீட்டிலயும் கடையிலயும் இருக்கு. அதைக் கேட்டுத்தான் எடுக்கணும்.

நெல்லிமரம்:
கேட்கிறதுக்கும் முறை இருக்கிறது. "காய் சாப்பிட்டியா?" வேண்டாம். நேற்று எழுந்ததிலிருந்து படுக்கும்வரை வரிசையாகச் சொல்லவிடுங்கள், குறுக்கே பேச வேண்டாம். இரண்டாம் சுற்றில் இடைவெளியைக் கேளுங்கள்: ஸ்கூல் விட்டதும்? தோட்டத்தில் ஏதாவது பறித்துத் தின்றாயா? மலையில் பிளம்ஸ், பேரிக்காய், தவிட்டுப்பழம் சாப்பாட்டுக் கணக்கில் வராது, கேட்டால்தான் வரும். மூன்றாம் சுற்றில்தான் அளவு: அவர்கள் வீட்டில் புழங்கும் மாதிரி கரண்டி, கிண்ணத்தை மேசையில் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். ஒரு பிள்ளைக்கு 15–20 நிமிடம் ஆகும்.

எட்டு வயதுக்குக் கீழே தனியாகக் கேட்டு நம்ப முடியாது, அம்மாவையோ பாட்டியையோ சேருங்கள். திங்கட்கிழமை கேட்டால் ஞாயிறு வரும், மற்ற நாளில் வேலை நாள். இரண்டும் வேண்டும். ஒரே நாள் பேட்டியை வைத்து "இந்தப் பிள்ளை குறைவாகச் சாப்பிடுகிறது" என்று பெயர் சொல்லாதீர்கள். வகுப்புச் சராசரிக்கு மட்டும் அது போதும்.

மலைக்காற்று:
விரல் வைத்துப் பார்க்கும் கருவி ஒன்று இருக்கிறதாமே, அது வந்தால் இந்த வேலை மிச்சமா?

தராசுமுள்:
வெஜ்ஜி மீட்டர். தோலில இருக்கிற கரோட்டினாய்டை, அதாவது கேரட் மாதிரி காய்க்கு மஞ்சள், ஆரஞ்சு நிறம் தர்ற பொருளைப் படிக்கும், கடந்த சில வாரம் சாப்பிட்டதைக் காட்டும். கேரட்டுக்கு எகிறும், கோஸும் ஆப்பிளும் அதுக்கு அவ்வளவாத் தெரியாது. கேரட் அறுவடை நேரத்துல கோத்தகிரியில வச்சா என்ன சொல்லும்னு நீங்களே யோசிங்க. தராசே போதும், டீச்சர்.