புதுப்பிப்பு: விடுப்பில் ஊருக்கா, உகாண்டாவுக்கா என்று கேட்டிருந்தேனே!

தெற்கு சூடானின் மலக்காலில், ஐ.நா. அமைதிப்படையின் இந்திய ராணுவ மருத்துவமனையில் செவிலியராக இருக்கிறேன் என்று முன்பு எழுதியிருந்தேன். பாதிப் பேர் "ஊருக்குப் போய் அம்மாவைப் பாருங்கள்" என்றீர்கள். மன்னியுங்கள், உகாண்டாவுக்குத்தான் போனேன். அம்மாவே அதைத்தான் சொன்னார்.

விக்டோரியா ஏரியிலிருந்து நைல் புறப்படும் ஜின்ஜாவில் படகில் உட்கார்ந்திருந்தேன். தண்ணீர் பச்சையாக, அவசரமாக ஓடியது. இதே ஆறுதான் வெள்ளை நைலாகி, மலக்காலில் எங்கள் முகாமுக்குப் பக்கத்தில் சோம்பலாக நகர்கிறது. இரவுப் பணி முடிந்து நான் வெறித்துப் பார்க்கும் அதே நீர்! கையை விட்டு அளைந்தேன்.

மலேரியா தடுப்பு மாத்திரைக்கு மட்டும் விடுப்பு இல்லை. டாக்சிசைக்ளின் தினமும் ஒன்று. மலேரியாப் பகுதியை விட்டுக் கிளம்பிய பிறகும் 4 வாரம் தொடர வேண்டும். அது வெயிலையும் தோலுக்கு ஆகாததாக்கிவிடும். படகில் தொப்பியை மறந்தேன். மூக்குத் தோல் உரிந்துவிட்டது. நோயாளிகளுக்கு நான் தினமும் சொல்லும் அறிவுரை!

திரும்பியபோது மழை. கரிசல் சேறு பூட்ஸைக் கவ்விக்கொண்டது. வார்டில் முதல் கேள்வி: "மேடம், மூக்குக்கு என்ன ஆயிற்று?"