நேபாளத்தின் முன்னாள் ராணி கோமலை நேரில் பார்த்தவர்கள் உண்டா?

கணவரின் வேலை காரணமாகச் சில வருடங்கள் காத்மாண்டுவில், மகாராஜ்கஞ்ச் பக்கம் குடியிருந்தோம். முன்னாள் மன்னர் ஞானேந்திராவின் வீடான நிர்மல் நிவாஸ் அங்கேதான் இருக்கிறது. தசைன் பண்டிகையில், விஜயதசமியன்று, அவர் கையால் டீகா வைத்துக்கொள்ள ஜனங்கள் வந்து வரிசையில் நிற்பார்கள். முடியாட்சி 2008-லேயே போய்விட்டது, வரிசை போகவில்லை. எங்கள் வீட்டுக்கார அம்மா ஒரு வருடம் என்னையும் விடாப்பிடியாகக் கூட்டிக்கொண்டு போனார்.

அரிசி, தயிர், சிவப்புப் பொடி மூன்றையும் பிசைந்து நெற்றி நிறைய அப்புவதுதான் டீகா. கூடவே ஜமரா கொடுப்பார்கள். நம் முளைப்பாரி மாதிரி இருட்டில் வளர்த்த மஞ்சள் முளை அது. அங்கேதான் ஞானேந்திராவின் மனைவி கோமலைப் பார்த்தேன். கணவருக்குப் பக்கத்தில் இருந்தார். நின்று பார்க்க விடவில்லை, பின்னாலிருந்து தள்ளிக்கொண்டே இருந்தார்கள். வெளியே வந்ததும் வீட்டுக்கார அம்மா, "ராஜாவைப் பார்க்கவா நான் வர்றேன்? இவங்களைப் பார்க்கத்தான்" என்றார். அன்று சாயங்காலம் டீ போட்டுக் கொடுத்து முழுக் கதையையும் சொன்னார்.

நூறு வருடங்களுக்கு மேல் பிரதமர் பதவியைப் பரம்பரையாக வைத்துக்கொண்டு நேபாளத்தை ஆண்டவர்கள் ராணாக்கள். அந்தக் குடும்பத்துக் கேந்திர ஷம்ஷேரின் மகள்கள் மூன்று பேர், மன்னர் மகேந்திராவின் மகன்கள் மூன்று பேருக்கு வாழ்க்கைப்பட்டார்கள். 1970 பிப்ரவரியில் மூத்தவர் ஐஸ்வர்யா, பட்டத்து இளவரசர் பீரேந்திராவுக்கு. அதே வருடம் மே மாதம் கோமல், ஞானேந்திராவுக்கு. அப்புறம் பிரேக்‌ஷா, கடைசித் தம்பி திரேந்திராவுக்கு. அக்காவும் தங்கையுமே ஓரகத்திகள்! ஐஸ்வர்யா மகாராணியானார், சாந்தனி ஷா என்ற புனைபெயரில் பாட்டெல்லாம் எழுதினார். கோமல் 31 வருடங்கள் இளவரசியாகவே இருந்தார். அவர் ராணியாவார் என்று நினைக்க ஒரு காரணமும் இல்லை; பீரேந்திராவுக்கு இரண்டு ஆண் பிள்ளைகள்.

2001 ஜூன் 1, வெள்ளிக்கிழமை இரவு, நாராயணஹிட்டி அரண்மனையில் குடும்பம் கூடியிருந்தபோது துப்பாக்கிச் சூடு. பீரேந்திரா, ஐஸ்வர்யா, அவர்களுடைய மூன்று பிள்ளைகள் என்று மொத்தம் பத்துப் பேர் இறந்தார்கள். சுட்டது அந்த மூன்று பிள்ளைகளில் மூத்தவரான பட்டத்து இளவரசர் தீபேந்திராதான் என்றது விசாரணைக் குழு. கோமலின் நுரையீரலைக் குண்டு துளைத்திருந்தது. ஜூன் 4 அன்று பழைய அரண்மனையான ஹனுமான் டோக்காவில் ஞானேந்திராவுக்கு முடி சூட்டியபோது அவர் மருத்துவமனைப் படுக்கையில் கிடந்தார். அப்படித்தான் ராணியானார்.

"ஞானேந்திரா அன்று போக்ராவில் இருந்தார், மனைவியும் மகனும் பிழைத்துவிட்டார்கள், அப்படியென்றால்..." என்று இழுப்பவர்கள் காத்மாண்டுவில் இன்றும் உண்டு. மகன் காயமில்லாமல் தப்பியது உண்மைதான். ஆனால் மார்பில் குண்டு வாங்கிய பெண்ணையும் அந்தக் கணக்கில் சேர்ப்பது என்ன நியாயம்? கூடப் பிறந்தவளைப் பறிகொடுத்தவர் அவர். இதைச் சொன்னதுமே வீட்டுக்கார அம்மா டீ டம்ளரை ஓங்கி வைத்தார்.

உங்களில் யாராவது இந்தக் குடும்பத்தைப் பார்த்திருந்தால், அவர்கள் கதை கேட்டிருந்தால், எழுதுங்கள்.

* * *

அக்கா, நான் ஆளைப் பார்த்ததில்லை, வீட்டைப் பார்த்திருக்கிறேன். முக்திநாத் யாத்திரை போன குழுவில் பெரியவர்கள்தான் அதிகம். சாளக்கிராமப் பெருமாளைச் சேவித்தாயிற்று, பசுபதிநாதரும் ஆயிற்று, ஊருக்குத் திரும்பும் முன் அரை நாள் சும்மா இருந்தது. "நாராயணஹிட்டி இப்போது மியூசியம், போகலாமா?" என்றார் வழிகாட்டி.

செல்போனையும் பையையும் வெளியிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள். உள்ளே நுழைந்ததும் பாடம் செய்த புலி. அறைகளுக்கு நேபாள மாவட்டங்களின் பெயர்கள். பீரேந்திரா ஐஸ்வர்யா கல்யாணத்தை ஒட்டித் திறந்த கட்டடமாம் அது. கல்யாணத்துக்குத் திறந்த வீட்டில்தான் பின்னால் அதெல்லாம் நடந்தது என்றதும் எங்கள் குழு மாமி ஒருவர் ராம ராம என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

சுடப்பட்ட இடமான திரிபுவன் சதனை இடித்துவிட்டார்கள். நான் போனபோது அடித்தளமும், யார் எங்கே விழுந்தார் என்ற பலகைகளும்தான் இருந்தன. எனக்கு அது பிடிக்கவில்லை. ஒரு குடும்பத்தின் சாவை வரைபடம் போட்டுக் காட்டத்தான் வேண்டுமா? கூட வந்தவர்களோ ஒவ்வொரு பலகையாக நின்று படித்தார்கள். நானும் படித்தேன், பொய் சொல்வானேன்.

மூன்றாவது தங்கை என்னவானார்? வழிகாட்டியைக் கேட்டேன், பஸ் கிளம்புகிற அவசரத்தில் பதில் கிடைக்கவில்லை.

* * *

தம்பி, அதை நான் சொல்கிறேன். அந்த ஏரிக்கே போனவன் நான்.

மேற்கு நேபாளத்தில் முகு மாவட்டத்தில் ராரா என்று ஒரு ஏரி. கிட்டத்தட்ட 3,000 மீட்டர் உயரத்தில், நேபாளத்திலேயே பெரிய ஏரி. நேபாள்கஞ்சிலிருந்து சின்ன விமானத்தில் தால்சா இறங்கி, அங்கிருந்து நடை. சுற்றிலும் பைன் மரம், நடுவில் அடர்ந்த நீலம். மன்னர் மகேந்திரா 1964-ல் அங்கே போய், ராராவை அப்சரஸாக வைத்துக் கவிதை எழுதினார். அந்தப் பக்கத்து ஆட்கள் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் விஷயம் அது.

2001 நவம்பரில் பிரேக்‌ஷா போன ஹெலிகாப்டர் அந்த ஏரியில்தான் விழுந்தது. அவர் இறந்துபோனார். அரண்மனைச் சம்பவம் நடந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. தங்கும் இடத்தில் பருப்பும் சோறும் பரிமாறிய பையன், "ராஜா கவிதை எழுதின ஏரி, அவர் மருமகளையே எடுத்துக்கிச்சு" என்று இந்தியில் சொன்னான். வருகிறவர்கள் எல்லோருக்கும் சொல்கிறான் போலிருக்கிறது, மனப்பாடமாக வந்தது. எனக்கு அந்த வசனம் கொஞ்சம் அதிகப்படியாகத்தான் பட்டது. அவர் அதற்கு முன்பே திரேந்திராவை விவாகரத்து செய்துவிட்டார், கணக்குப்படி மருமகளே இல்லை. திரேந்திராவும் பட்டத்தைத் துறந்தவர்தான். இருந்தும் அந்த வெள்ளிக்கிழமை விருந்துக்குப் போய்க் குண்டடிபட்டு இறந்தார்.

ஆக மூன்று சகோதரிகளில் 2001 முடிவதற்குள் மிஞ்சியது கோமல் மட்டும்.

* * *

காத்மாண்டுவில் மைக்ரோபஸ் ஏறியவர்கள் எல்லோருமே இந்த வீட்டு மருமகள்களைத் தினமும் கூப்பிட்டிருக்கிறோம், தெரியுமா? "ரத்னபார்க், ரத்னபார்க்!" என்று நடத்துனர் கத்துவாரே, அந்த ரத்னா மகேந்திராவின் இரண்டாவது மனைவி. தாபாதலி பிரசவ ஆஸ்பத்திரிக்கு முன்பு பெயர் தந்த இந்திரா, முதல் மனைவி. இருவரும் அக்கா தங்கை. இந்திரா 1950-ல் இறந்தபின் 1952-ல் ரத்னாவைக் கட்டினார். அதற்கு முந்தைய தலைமுறையில் மகேந்திராவின் அப்பா திரிபுவன் மணந்த காந்தி, ஈஸ்வரி இருவரும்கூடச் சகோதரிகள்தான். மகாராஜ்கஞ்சில் இருந்த அக்காவுக்குக் காந்தி குழந்தைகள் மருத்துவமனை தெரியாமல் இருக்காது.

அதனால் மூன்று பெண்களையும் ஒரே வீட்டில் கொடுத்தது அங்கே அதிசயமே இல்லை. ராணா வீட்டுப் பெண்ணை எடுப்பது அரண்மனை வழக்கம். எடுத்த வீட்டிலேயே திரும்பவும் எடுத்தார்கள். கோமலுக்கு மாமியாராக வாய்த்ததும் கணவருடைய சித்தியேதான்.

இன்னொன்று. 2008 ஜூனில் ஞானேந்திராவும் கோமலும் அரண்மனையைக் காலி செய்து நாகார்ஜுன் மலைக்குப் போனபோது, ரத்னாவை மட்டும் அரண்மனை வளாகத்தில் மகேந்திர மஞ்சிலிலேயே தங்கிக்கொள்ள அரசு விட்டுவிட்டது. முடியாட்சி வேண்டாம் என்று ஊர்வலம் போன என் சக ஊழியர்கூட, "பாட்டி இருக்கட்டும்" என்றுதான் சொன்னார்.

* * *

எழுதிய எல்லோருக்கும் நன்றி. காந்தி ஆஸ்பத்திரி தெரியாமலா, சின்னவனுக்குக் காய்ச்சல் வந்தால் அங்கேதான் ஓடுவோம். பெயர் யாருடையது என்று யோசித்ததே இல்லை.

கோமலின் மருமகள் ஹிமானியைப் பற்றித் தனிச்செய்தியில் ஒரு தோழி கேட்டிருந்தார். ராஜஸ்தான் சீகர் அரச குடும்பத்துப் பெண். 2000 ஜனவரியில் கோமலின் மகன் பராஸைக் கட்டினார். ஒன்றரை வருடத்துக்குள் அந்த இரவு. அவரும் அங்கே இருந்து உயிர் தப்பியவர். அப்புறம் பட்டத்து இளவரசரின் மனைவி, 2008-க்குப் பிறகு பட்டம் எதுவும் இல்லை. பராஸைப் புகழ்ந்து யாரும் பேசி நான் கேட்டதில்லை, ஹிமானியைத் திட்டியும் கேட்டதில்லை. 2010-ல் தன் பெயரிலேயே ஓர் அறக்கட்டளை தொடங்கினார். 2015 நிலநடுக்கத்தின்போது அவர்கள் நிவாரணம் கொடுத்ததை எங்கள் தெருவில் பலர் நினைவில் வைத்திருந்தார்கள்.

முடியாட்சி போனபின் குழந்தைகளோடு கொஞ்ச காலம் சிங்கப்பூரில் இருந்தார். சிங்கப்பூர் ஆட்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள், பார்த்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.