ஆர்குட்டில் மாமனார் எழுதியதை மீட்க முடியுமா?

கேள்வி (காத்ர் போர்ன், மொரீஷியஸ்):
வணக்கம். மதுரையில் இருந்த என் மாமனார் 2008இல் ஆர்குட் என்ற சமூக வலைத்தளத்தில் எனக்கு ஒரு டெஸ்டிமோனியல் (பாராட்டுக் குறிப்பு) எழுதினார். கோர் தெ கார்த் மலைக் கோயிலில் நான் காவடி எடுத்த படத்தைப் பார்த்துவிட்டு, "மாப்பிள்ளை, பாரம் சுமக்கத் தெரிந்தவர் கையில்தான் பெண்ணைக் கொடுத்திருக்கிறேன்" என்று முடித்திருந்தார். அவர் இப்போது இல்லை. என் மனைவி அதைக் கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.

பதில் 1:
அண்ணா, கூகுள் ஆர்குட்டை 2014 செப்டம்பர் 30 அன்று மூடியது. ஸ்கிராப் (நண்பர்கள் எழுதும் குறுஞ்செய்தி), டெஸ்டிமோனியல், படங்களைத் தரவிறக்க 2016 செப்டம்பர் வரை கூகுளின் டேக்அவுட் சேவையில் வழி இருந்தது. இனி அங்கிருந்து கிடைக்காது. ஆனால் வீட்டில் யாராவது அப்போதே எடுத்து வைத்திருக்கலாம். பழைய ஹார்டு டிஸ்கில் ஜிப் கோப்புகளைத் தேடிப் பாருங்கள்.

பதில் 2 (போர்ட் லூயி):
அப்புறம், பழைய மின்னஞ்சலையும் பாருங்கள். அப்போது யாராவது எழுதினால் ஆர்குட் மின்னஞ்சலில் அறிவிப்பு அனுப்பும். ஸ்கிராப்புக் யார் வேண்டுமானாலும் கிறுக்குகிற திண்ணைச் சுவர் மாதிரி, டெஸ்டிமோனியல் அப்படியில்லை. நாம் ஒப்புக்கொண்ட பிறகுதான் பக்கத்தில் வரும். அதனாலேயே பெரியவர்கள் நேரம் எடுத்து, யோசித்து எழுதினார்கள். இன்றைய லைக்கில் அந்த அக்கறை எங்கே இருக்கிறது?

கேட்டவர்:
நன்றி தம்பி, நன்றி ஐயா. மைத்துனர் மதுரை வீட்டுக் கணினியை இன்னும் வைத்திருக்கிறார். இன்றிரவே கூப்பிட்டுக் கேட்கிறேன்.