மலை ரயில் எஞ்சின் மாதிரிக்குப் பித்தளைத் தகட்டில் பாய்லர் சுருட்டுவது எப்படி?

பல்சக்கரம்:

நீலகிரி மலை ரயிலின் எக்ஸ் வகுப்பு நீராவி எஞ்சினை 1:22.5 அளவில் செய்துவருகிறேன். மீட்டர்கேஜ் பாதையின் 1000 மி.மீ. அகலம் இந்த அளவில் 44.4 மி.மீ. ஆகிவிடுவதால், கடையில் கிடைக்கும் 45 மி.மீ. தண்டவாளத்திலேயே வண்டியை நிறுத்தலாம் என்பதற்காக இதைத் தேர்ந்தெடுத்தேன். இது நீராவியில் ஓடும் மாதிரி அல்ல, மின்மோட்டாரில் ஓடுவது. அடிச்சட்டமும் எட்டு இயக்கச் சக்கரங்களும் முடிந்துவிட்டன. பாய்லரில்தான் நின்றுபோயிருக்கிறேன்.

என் வரைபடத்தின்படி பாய்லரின் வெளிவிட்டம் 54 மி.மீ. 28 கேஜ் பித்தளைத் தகட்டை, அதாவது ஏறத்தாழ 0.38 மி.மீ. தடிமனுள்ளதை, சிறிய மூவுருளைப் பொறியில் (இரண்டு உருளைகள் தகட்டைப் பிடித்துத் தள்ள, பின்னுருளை அதை வளைக்கும்) சுருட்டினேன். இரு ஓரங்களும் வளையாமல் தட்டையாகவே நின்றதால் குழாய் வட்டமாக வராமல் பேரிக்காய் போல வந்தது. ஓரங்களைச் சேர்த்துப் பார்த்தால் ஒரு முனை முன்னேயும் மறுமுனை பின்னேயும் நிற்கின்றன. புகைபோக்கிக்கும் டோமுக்கும் (பாய்லரின் மேலுள்ள குமிழ்) முன்கூட்டியே வெட்டியிருந்த துளைகளின் நேரே தகடு மடிப்பு விழுந்ததுபோல முறிந்து வளைந்துவிட்டது. தகட்டைக் காய்ச்சிப் பதமாக்கினால் சரியாகும் என்று ஒருவர் சொன்னதைக் கேட்டு அடுத்த தகட்டைக் காய்ச்சினேன். அது விரல் பட்ட இடமெல்லாம் பள்ளமாகிவிட்டது. நான் எங்கே தவறு செய்கிறேன்?

கொட்டாப்புளி:

ஐயா, நீங்கள் சொன்னவை அனைத்தும் ஒரே கோளாறு போலத் தோன்றினாலும் காரணங்கள் வெவ்வேறு. தகட்டின் முனை பின்னுருளையை எட்டும்வரை அதை வளைக்கும் விசை எதுவும் அதன்மீது விழுவதில்லை. ஆகவே பிடிக்கும் உருளைகளுக்கும் பின்னுருளைக்கும் இடையிலுள்ள தூரம் தட்டையாகவே வெளிவருகிறது. தகட்டைத் திருப்பிப் போட்டு உருட்டினாலும் ஒரு பட்டை மிஞ்சத்தான் செய்யும். இரு பக்கமும் 12 மி.மீ. கூடுதலாக விட்டுச் சுருட்டி, பிறகு அந்தத் தட்டைப் பகுதிகளை மெல்லிய ரம்பத்தால் அறுத்து நீக்கிவிடுவதே எனக்குப் பிடித்த வழி. அறுப்பதற்குத் தயங்குபவர்கள், உருட்டுவதற்கு முன்பே இரு ஓரங்களையும் 40 மி.மீ. கம்பியின்மேல் வைத்துக் கொட்டாப்புளியால் தட்டி வளைத்துக்கொள்ளலாம்.

ஓரங்கள் முன்பின்னாக நிற்பதற்குத் தகடு உருளைக்குச் செங்குத்தாக நுழையாததே காரணம். அரை மி.மீ. சாய்ந்து நுழைந்தாலும் ஒரு சுற்று முடிவதற்குள் திருகாணி போலத் திருகிவிடும். உருளைகளின் இடைவெளி இரு முனையிலும் சமமாக இருக்கிறதா என்றும் பாருங்கள். சமமாக இல்லாவிட்டால் குழாய் கூம்பாக வரும். (இங்கிலாந்தின் கிரேட் வெஸ்டர்ன் ரயில்வேயின் கூம்புப் பாய்லர்களை மாதிரியாகச் செய்பவர்கள், தகட்டை விசிறி வடிவில் வெட்டிக்கொண்டு, உருளையை வேண்டுமென்றே இப்படிச் சாய்த்து வைப்பார்கள். நமக்கு அந்தத் தொல்லை இல்லை.)

துளையுள்ள இடத்தில் உலோகம் குறைவு என்பதால் மொத்த வளைவும் அந்த வரியிலேயே கூடிவிடுகிறது. உருட்டுவதற்கு முன் மையத்தைக் குறிக்க 1 மி.மீ. துளை மட்டும் போடுங்கள். குழாயைப் பற்றவைத்து, உள்ளே ஒரு மரக்கட்டையை இறுகச் செருகிய பிறகு துளையைப் பெரிதாக்கிக்கொள்ளலாம்.

காய்ச்சுவது தேவையே இல்லை. உங்கள் பாய்லரின் ஆரம் தகட்டின் தடிமனைப்போல எழுபது மடங்கு. இவ்வளவு தாராளமான வளைவில் அரைக்கடினத் தகடு விரிசல் விடாது. அதன் விறைப்புதான் வளைவு சீராக வருவதற்கே துணைசெய்கிறது. விறைப்பு இருப்பதால் உருளையை விட்டதும் சற்று விரியும். அதற்கு ஈடாக, ஓரங்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறும் அளவுக்கு, 48 மி.மீ. விட்டம் வரை உருட்டிவிடுங்கள். ஒரே மூச்சில் வளைக்காமல், ஒவ்வொரு முறையும் பின்னுருளையைச் சிறிது உயர்த்தி ஏழெட்டு முறை ஓட்ட வேண்டும்.

தகட்டின் நீளத்தை வெளிவிட்டத்தைக் கொண்டு கணக்கிட்டிருந்தால் 169.6 மி.மீ. வந்திருக்கும். வளையும்போது தகட்டின் நடுத்தடிமன் நீளாமலும் சுருங்காமலும் இருப்பதால் விட்டத்திலிருந்து ஒரு தடிமனைக் கழித்துக் கணக்கிட வேண்டும், அறுத்து நீக்கும் ஓரங்கள் போக 168.5 மி.மீ. போதும்.

கரிப்புகை:

கொட்டாப்புளி சொன்னதில் எனக்கு மாறுபாடில்லை. ஆனால் இவ்வளவு பாடு எதற்கு என்று கேட்கத் தோன்றுகிறது. குழாய்க் கடையில் 50 மி.மீ. பிவிசி குழாய் கிடைக்கிறது. அதன்மேல் மெல்லிய பிளாஸ்டிக் தகட்டைச் சுற்றி ஒட்டினால் 54 ஆகிவிடும். எக்ஸ் வகுப்பில் பக்கவாட்டுத் தண்ணீர்த் தொட்டிகள் பாய்லரின் பெரும்பகுதியை மறைத்துவிடுகின்றன அல்லவா?

கொட்டாப்புளி:

மறைப்பது உண்மைதான். ஆனால் கைப்பிடிக் கம்பிகளையும் பட்டைகளையும் குழாய்களையும் பாய்லர்மேல் சால்டர் வைத்துப் பற்றவைக்க வேண்டியிருக்கும். அந்தச் சூட்டில் பிவிசி இளகிவிடும். எல்லாவற்றையும் பசையால் ஒட்டத் தயாராக இருப்பவருக்குக் கரிப்புகை சொன்ன வழி போதும்.

பல்சக்கரம்:

இரண்டு வாரம் கழித்து எழுதுகிறேன். ஊரில் ஏசி டக்ட் செய்யும் பட்டறையின் பெரிய பொறியில் முயலலாம் என்று போனேன். அதன் உருளையே 75 மி.மீ. தடிமன், அதைச் சுற்றி 54 மி.மீ. குழாய் எப்படி வரும் என்று பட்டறைக்காரர் சிரித்துவிட்டார். என் சிறிய பொறியிலேயே, ஓரங்களைக் கூடுதலாக விட்டு, ஒன்பது முறை ஓட்டினேன். 53.2 மி.மீ. விட்டமுள்ள மூன்று பித்தளை வட்டுகளின்மேல் ஏற்றியதும் குழாய் தானாகவே இறுகப் பிடித்துக்கொண்டது. இணைப்பை அடிப்புறத்தில் வைத்து, உள்ளே 8 மி.மீ. பட்டை கொடுத்து, கட்டுக்கம்பியால் இறுக்கிப் பற்றவைத்தேன். ஒளியைச் சாய்த்துப் பார்த்தாலும் மேற்புறத்தில் மடிப்பு தெரியவில்லை.

ஓர் ஆசை மட்டும் எழுகிறது. இதே முறையில் இன்னும் தடித்த தகட்டைச் சுருட்டி, மெய்யாகவே நீராவி ஏற்ற முடியுமா?

கொட்டாப்புளி:

இந்த முறையில் கூடாது. வெந்நீரிலும் நீராவியிலும் பித்தளையிலுள்ள துத்தநாகம் மெல்ல அரிந்து வெளியேற, வெளியே பளபளப்பாகத் தெரியும் சுவர் உள்ளே சல்லடையாகிவிடும். நீங்கள் வைத்த ஈயச் சால்டர் 183 டிகிரி செல்சியஸ் அளவில் உருகத் தொடங்கும். 4 பார் அழுத்தத்தில் நீராவியே 150 டிகிரியைத் தாண்டிவிடுவதால், உருகாவிட்டாலும் அந்தச் சூட்டில் பற்றுக்கு வலு இருக்காது. நீராவி ஏற்றுவதற்குத் தையலில்லாத செப்புக் குழாய், விளிம்பு மடித்த செப்பு முனைத்தகடுகள், வெள்ளிச் சால்டர், தட்டையான பரப்புகளைத் தாங்கும் ஸ்டே கம்பிகள் ஆகியவை வேண்டும். செய்து முடித்ததும் உள்ளே காற்றில்லாமல் தண்ணீர் நிரப்பி, வேலை அழுத்தத்தைப் போல இருமடங்கு வரை கைப்பம்பால் ஏற்றிச் சோதிக்க வேண்டும். செம்பைத் தகடாகவே சுருட்டுபவர்களும் உண்டு. அவர்கள் ஓரங்களைச் சீப்புப்பல் போல வெட்டி ஒன்றோடொன்று கோத்துப் பற்றவைப்பார்கள். அதற்கு வேறு அடுப்பும் அனுபவமுள்ள ஒருவரின் மேற்பார்வையும் தேவை. தனி இழை தொடங்குங்கள், அங்கே எழுதுகிறேன்.